முள்ளம்பன்றிகளுக்குப் புதுக் கோச்

புதுக் கோச்சை ஏற்றிவந்த குட்டி விமானம் தரையைத் தொடுவதற்குள், கேக்கை யார் அவர் கையில் கொடுப்பது என்று சண்டை வந்துவிட்டது. எங்கள் கல்லூரி அணியின் பெயரே முள்ளம்பன்றிகள் என்பதால், முள்ளம்பன்றி வடிவக் கேக். பாதாம் சீவல்களை முள்ளாகக் குத்தியிருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் பாதி முள்ளை ரசிகர்களே தின்றுவிட்டார்கள்.

"நான்தான் கொடுப்பேன். விஷயத்தைக் கண்டுபிடிச்சது யாரு?" என்றார் பல் டாக்டர் லைல் பர்விஸ்.

எங்கள் ஆர்கன்சா மாநிலத்தில் ஜனவரி வந்தால் அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரி சீசன் ஓய்ந்துவிடும். உடனே எங்கள் ஊர்க்காரர்கள், புது ஆட்டக்காரர்களைத் தேடிக் கோச்சுகள் போய்வரும் கல்லூரி விமானம் எங்கே பறக்கிறது என்று போனில் பார்க்கத் தொடங்குவார்கள். புது உதவிக் கோச் யாரென்று விமானம்தானே முதலில் சொல்லும்?

இந்தக் கலையில் டாக்டர் ஒரு மேதை. அதை அவரே பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டிருக்கிறார். நோயாளி வாயில் ஒரு கை, போனில் ஒரு கை. இன்று காலை விமானம் டெக்சஸிலிருந்து கிளம்பியதுமே அறிவித்துவிட்டார்: எதிரணியைத் தடுக்கக் கற்றுக்கொடுக்கும் டிஃபென்ஸ் கோச் ஸ்டோக்ஸ் ஒழிந்தான், புது ஆள் வருகிறார்.

"போன வருஷமும் இப்படித்தான் கூட்டிட்டு வந்தீங்க," என்றாள் டிராக்டர் கடை முதலாளி வில்மா டீக். மைதானத்து ஸ்கோர்போர்டே அவள் கொடுத்த நன்கொடைதான். "பிளேன்லேர்ந்து புல்விதை மூட்டை இறங்குச்சு."

"அந்தப் புல்லு எதிராளி காலையாவது தடுத்துச்சு. ஸ்டோக்ஸோட பசங்க அதைக்கூடச் செய்யலையே."

"இந்தத் தடவையும் தப்பாப் போனா, டாக்டரே, உங்க பேச்சை உங்க நாற்காலியில வாயைப் பொளந்துட்டுக் கிடக்கிறவன்கூட நம்ப மாட்டான்."

டாக்டர் அவசரமாகப் பேச்சை ஸ்டோக்ஸ் பக்கம் திருப்பினார். அங்கே திருப்பினால் ஊரே ஒன்றாகிவிடும்.

"சீசன் முழுக்க டிவியில பாத்தேன், ஒரு தடவை மூஞ்சியைக் காட்டினானா? தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நெஞ்சு வரைக்கும் தாடி. மிச்சம் இருந்ததையும் ஆட்டத் திட்டம் எழுதின அந்தப் பெரிய அட்டையால மூடிக்கிட்டான்."

"எதிர் டீம் உதட்டைப் படிச்சிடுமாம்," என்றது ஒரு குரல்.

"உதட்டை எதுக்குப் படிக்கணும்? கதவுதான் தொறந்தே கிடந்துச்சே," என்றாள் வில்மா.

விமானக் கதவு திறந்தது. மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு, ஒரே ஒருவர் தோள்பையுடன் வெளியே வந்தார். முள் தொப்பி அணிந்த முந்நூறு பேர் தன்னை நோக்கி ஓடிவருவதைக் கண்டதும், திரும்பி மறுபடி உள்ளே போகப் பார்த்தார்.

"என்ன ஒரு அடக்கம் பாருங்க," என்று வில்மா உருகிப்போனாள்.

டாக்டர் கேக்கைப் பெட்டியோடு அவர் கையில் திணித்தார். "பயப்படாதீங்க கோச். ஸ்டோக்ஸை விட மோசமா யாராலயும் பண்ண முடியாது."

"அவ்வளவு மோசமா?" என்றார் வந்தவர், சன்னமாக.

"அவன் வீட்டு வாசல்ல 'வீடு விற்பனைக்கு'ன்னு பலகை நட்டது யாரு? நாங்கதான். ராத்திரியோட ராத்திரியா."

"ஓ... அது நீங்கதானா?"

டாக்டர் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தீங்களா, நம்ம புகழ் டெக்சஸ் வரைக்கும் போயிருக்கு."

அவ்வளவுதான், வந்தவர் ஆகாயத்தில் இருந்தார். ஒரு தொடை டாக்டர் தோளில், மறு தொடை வில்மா தோளில், மடியில் கேக்.

அப்போது கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவர் கிரவுஸின் கார் வந்து நின்றது. துக்க வீட்டுக்குப் போகிற முகத்தோடு இறங்கியவர், கூட்டத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன நடக்குது இங்க?"

"எங்க கோச்சைக் கொண்டாடறோம்," என்றார் டாக்டர்.

"இவரையா? நீங்களா?"

"இவரை விட்டீங்கன்னா என் நன்கொடையையும் மறந்துடுங்க," என்றாள் வில்மா. "ஸ்கோர்போர்டைக் கழட்டிட்டுப் போயிடுவேன்."

கிரவுஸ் கொள்கைப் பிடிப்புள்ளவர். நன்கொடை எந்தப் பக்கமோ, கொள்கையும் அந்தப் பக்கம். ஒதுங்கிப் போய் யாரிடமோ போனில் கிசுகிசுத்தார். திரும்பியபோது முகம் கல்யாண வீட்டுக்கு மாறியிருந்தது.

"உண்மையைச் சொன்னா, நான் வேற முடிவோடதான் வந்தேன். ஆனா உங்க பாசத்தைப் பார்த்தப்புறம் மனசு வரலை. கல்லூரித் தலைவர்கிட்டயும் பேசிட்டேன். மூணு வருஷ ஒப்பந்தம். இனி அந்த ஆண்டவனே வந்தாலும் இவரை அசைக்க முடியாது."

முந்நூறு தொப்பிகள் பறந்தன. மேலே இருந்தவர் தேம்பித் தேம்பி அழுதார். டாக்டரும் அழுதார், அவருடைய மேதைமை இன்றோடு ஊரறிய நிலைநாட்டப்பட்டுவிட்டது.

"சார், ஒண்ணே ஒண்ணு," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த ஸ்டோக்ஸை எப்ப அனுப்பறீங்க?"

கிரவுஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மேலே இருந்தவர் கேக் பெட்டியின் மூடியைக் கழற்றி, மூக்குவரை மெல்ல மறைத்துக்கொண்டார்.

"அப்ப உங்க தோள்ல உக்காந்திருக்கிறது யாராம்?"