பதினெட்டாவது கேட்

"சிவராமன் சார், உங்க கேட்டுலயும் எழுதிடட்டுமா?"

கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்து நின்ற கலைவாணியைப் பார்த்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த சிவராமன் திடுக்கிட்டார்.

"எதை எழுதப் போற?"

"கடைசி வீட்டு கேட்டுல எழுதி வெச்சிருக்கே, அதையேதான். 'வந்தேறியே, வெளியேறு!'"

கடைசி வீட்டில் மூன்று வருஷமாகக் குடியிருப்பவன் பிகாஷ். ஒடிசாக்காரன். திருமழிசையில் வெல்டர் வேலை. அவனுக்கும் அவன் மனைவி மினதிக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. காலையில் கேட்டில் இருந்ததை, மூன்றாம் வகுப்பு படிக்கும் அவர்கள் மகள் சோனாலிதான் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொன்னாள். அப்போது பால் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த கலைவாணிக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஏழு மணிக்கெல்லாம் மினதி பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஒன்பது மணிக்கு வண்டி சொல்லியாகிவிட்டது.

"அதுக்கு ஏம்மா இந்தக் கூத்து? தின்னர் போட்டுத் துடைச்சுட்டு, போலீஸ்ல ஒரு கம்ப்ளெய்ண்ட் குடுத்தா..."

"கேட்டுல இருக்கறதைத் துடைக்கலாம் சார். அந்தக் குழந்தை வாயால படிச்சதை எப்படித் துடைக்கிறது? அது இருக்கட்டும், நீங்க எந்த ஊரு?"

"கும்பகோணம். ஆவடிக்கு வேலைக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆச்சு."

"அப்ப நீங்களும் வந்தேறிதானே?"

சிவராமன் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினார்.

"குடு இங்க. என் கையெழுத்து அதைவிட நல்லா இருக்கும்."

எழுதியதோடு விடவில்லை மனிதர். கீழே, 'இப்படிக்கு, கும்பகோணம் சிவராமன்' என்று கையெழுத்து வேறு போட்டார்.

அடுத்த வீட்டு பத்மாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "எங்களுக்குத் தென்காசில்லா! பெரிசா எழுதுங்க. ஆமா, கடையே தொறக்கலையே, காலங்காத்தால பெயிண்ட் எங்க கெடைச்சுது?"

"வீட்டுலயே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த கேட்டுக்கு நகர்ந்தாள் கலைவாணி.

தன் வீட்டைத் தாண்டும்போது வாசலில் அஸ்வின் நின்றிருந்தான். டிப்ளமா முடித்து ஒரு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருக்கும் அவளது ஒரே பிள்ளை.

"ஊர் வம்பெல்லாம் உனக்கு எதுக்கும்மா? உள்ள வா."

"முடிச்சுட்டு வரேன். நீ எங்கயும் போயிடாத."

தகராறு செய்தது, தெருவுக்கே பால் ஊற்றும் மாட்டுக்கார வேம்புலியம்மாள் மட்டும்தான். ஆவடியை ஒட்டிய இந்த வெள்ளானூரின் பழைய குடும்பம்.

"நான் இன்னாத்துக்கு எழுதணும்? இந்தத் தெருவே எங்க மாமனாரு வேர்க்கடல போட்ட நெலம். நான் வந்தேறியா?"

"மாமனார் நெலம் சரி. உங்க அப்பா வீடு எங்க?"

"திருமழிசை. இங்க வாக்கப்பட்டு வந்தேன்..." சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மறு நிமிஷம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அட, அப்ப நானும் வந்தேறிதான்! எழுது, எழுது. எங்கூட்டு ஆளு வந்து பாக்கச் சொல்லோ மூஞ்சி எப்டிப் போவுதுன்னு பாக்கணும்!"

அதற்குப் பிறகு கலைவாணி யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. டப்பா கை மாறிக்கொண்டே போனது. திண்டிவனம், நெல்லூர், பாலக்காடு, ராமநாதபுரம் என்று கேட்டுக்கு ஒரு ஊர் முளைத்தது.

ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. பிகாஷ் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். பின்னால் மூட்டையோடு மினதி. அவளுக்கு முன்னால் ஓடிவந்த சோனாலி தெருவைப் பார்த்துவிட்டு நின்றாள். ஒவ்வொரு கேட்டாகச் சத்தம் போட்டுப் படித்தாள்.

"அம்மா! எல்லார் ஊட்லயும் எழுதிக்கீது! பத்மா ஆண்ட்டியும் வந்தேறியாம்! பால் ஆயாவும் வந்தேறியாம்!" பிறகு அதையே மூச்சு விடாமல் ஒடியாவில் சொன்னாள்.

மினதி அசையாமல் நின்றாள். வேம்புலியம்மாள் போய் அவள் கையிலிருந்த மூட்டையைப் பிடுங்கினாள்.

"இன்னாம்மா நீ? மொத்தத் தெருவும் காலி பண்ணணும்னா இந்த ஒரு வண்டி பத்துமா? உள்ள போய் உலை வை, போ!"

எவ்வளவு புரிந்ததோ, மினதி அழுதுகொண்டே சிரித்தாள். பிகாஷ் கட்டிலைத் திரும்ப உள்ளே கொண்டுபோனான். வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு காலி வண்டியைத் திருப்பினார். தெருவே கைதட்டியது. அந்த ஆரவாரத்தில் சோனாலி பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு ஓடி, தன் வீட்டு கேட்டில் இருந்த எழுத்துக்குக் கீழே கோணல்மாணலாக எழுதினாள்: 'இப்படிக்கு, ஒடிசா சோனாலி.'

காலையிலிருந்து கலைவாணியின் நெஞ்சில் கிடந்த பாரம் பாதி இறங்கிவிட்டது.

"பதினேழு கேட் முடிஞ்சுது" என்றார் சிவராமன். "ஊரெல்லாம் எழுத வெச்சுட்டு, உன் கேட்டை மட்டும் விட்டுட்டியே கலைவாணி?"

"அதை என் பிள்ளை எழுதுவான் சார். அஸ்வின்!"

தலையைக் குனிந்தபடி வந்தவனின் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி கலைவாணி சொன்னாள்:

"உன் கட்டிலுக்கு அடியில இருந்த டப்பாதான். ராத்திரி எழுதின மாதிரியே எழுது. கீழ மட்டும் மறக்காம, 'இப்படிக்கு, செய்யாறு அஸ்வின்'னு போடு."