திசை மாறிய படகு

வடக்குச் சன்னலின் பால்போன்ற வெளிச்சத்தில் மக்தெல்ட், படம் செதுக்கி மை தடவிய மரக்கட்டையின் மேல் விரித்த தாளைக் கரண்டியின் முதுகால் தேய்க்கிறாள். அவள் பாதி எழுதிய கதையின் பக்கங்கள் மைத்தட்டுக்கு அடியில் கிடக்கின்றன. தாளின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரிக்கிறாள். ஈரக் கறுப்பிலிருந்து அவள் ஊர்க் கடற்கரை எழுந்து வருகிறது. வலப்பக்கம் தேவாலயக் கோபுரமும் நாணலும், தண்ணீரில் பக்கத்து வீட்டுச் சீபோல்டின் படகும். "அடச்சே!" அச்சில் இடம் வலமாகிவிடும் என்று கோபுரத்தையும் கரையையும் கட்டையில் மாற்றிச் செதுக்கியவள், படகை மட்டும் வரைந்தபடியே செதுக்கிவிட்டாள். கடலுக்குப் புறப்பட வேண்டிய படகு கரையைப் பார்த்து வருகிறது.

காப்பிக் கெண்டியோடு வந்த பக்கத்து வீட்டு ஹிஸ்கே தாளின் முன் அப்படியே நிற்கிறாள். அவள் கணவன் சீபோல்ட் அந்தப் படகில் கடலுக்குப் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது; இன்னும் திரும்பவில்லை.

"தப்பாயிடுச்சுடி. அடுப்புல போட்டுடறேன்."

"போடுவே, போடுவே! கையை முறிச்சுடுவேன். முதல்ல கையெழுத்தைப் போடு."

சரியாக வந்த அச்சில் மட்டுமே மக்தெல்ட் கையெழுத்திடுவாள் என்பது தெருவுக்கே தெரியும். கெண்டியின் ஆவி தாளின் மேல் மூடுபனியாக ஊர்கிறது. மக்தெல்ட் பென்சிலைத் தேடி எடுத்து, படத்தின் கீழ் ஓரத்தில் தன் பெயரை நிதானமாக எழுதுகிறாள். ஹிஸ்கே ஈர மையில் படாமல், படகுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள வெள்ளையின் மேல் விரல்களை வைத்து அளக்கிறாள்.

"ரெண்டு விரக்கடைதான் இருக்கு," என்கிறாள்.