வெள்ளிச் சொம்புக் கேஸ்

"ஏனுங்க மேடம், நாந்தான் திருடிப்போட்டேனுங்க. என்னையப் புடிச்சு உள்ள போட்டுருங்க."

எஸ்.ஐ. யுவஸ்ரீ டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எதிரே மாசாணம். பூட்டுத் திறப்பதில் அவிநாசி வட்டாரத்திலேயே பேர் வாங்கிய திருடன். இழுத்து வராமல் அவனாகவே ஸ்டேஷன் படியேறியது இதுதான் முதல் தடவை.

மஞ்சப்பைக்குள் கைவிட்டு ஒரு பெரிய வெள்ளிச் சொம்பை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"யார் வீட்டுல எடுத்தே?"

"சென்னிமலை ஊட்லீங்க."

பக்கத்தில் நின்ற ஏட்டு அரங்கசாமிக்குப் புரையேறிவிட்டது. "அடப்பாவி, உனக்கு வேற ஊடே கெடைக்கலியாடா?"

சென்னிமலை பேரை அந்தப் பக்கம் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அடிதடி, ஆள்கடத்தல், மிரட்டி நிலம் எழுதி வாங்குவது எல்லாம் உண்டு. அவன்மேல் புகார் கொடுத்தவர்கள் மறுநாளே வந்து வாபஸ் வாங்கிப் போவார்கள்.

ஒரு காலத்தில் அவன் மாசாணத்தின் கூட்டாளி. சத்தியமங்கலத்தில் இருவரும் ஒரு வீட்டுக்குள் புகுந்தார்கள். மாசாணம் உள்ளேயிருந்து நீட்டிய நகை மூட்டையை வாங்கிக்கொண்ட சென்னிமலை, அவனை உள்ளேயே விட்டு வெளித்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். ஜெயிலில் களி தின்று திரும்பிய மாசாணம் நியாயம் கேட்கப் போனபோது, சென்னிமலை ஆள் வைத்து அவனைக் கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டான். தொங்கிக்கொண்டே மாசாணம் ஒரு சபதம் எடுத்தான். தலைகீழாக எடுத்த சபதம் என்றாலும் சபதம் சபதம்தானே?

"பழி வாங்கத்தான் திருடினியா?" என்றார் யுவஸ்ரீ.

"ஆமாங்க. வயிறெரிஞ்சு எடுத்துப்போட்டேன். இப்பத்தான் பயமா இருக்குதுங்க. அவங்கிட்ட சிக்குறதுக்கு ஜெயிலே தேவலைங்க. அவனைக் கூப்புட்டு இதைக் காட்டுங்க. அவன் ஊட்ல இருக்கறது எல்லாமே அடுத்தவன் சொத்துங்க. இதுவும் எங்க அடிச்சதோ!"

யுவஸ்ரீயின் முகம் மலர்ந்தது. சொம்பு தன்னுடையது என்று அவன் வாயால் சொல்லிவிட்டால் போதும். எங்கிருந்து வந்தது என்று அங்கிருந்து பிடித்து இழுக்கலாம். உடனே போனை எடுத்தார்.

சென்னிமலை வந்தான். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. எதிரிகள் அதிகம் என்பதால் அவன் தனியாக எங்கும் போவதில்லை. வரிசையாக வந்த கார்களிலிருந்து இறங்கிய தடியன்களால் ஸ்டேஷன் வாசலே அடைந்துபோனது.

"கூப்புட்டீங்களாமுங்க?"

"உங்க வீட்டுல திருடினதா இவன் சொல்றான். இது உங்களோடதா?"

சென்னிமலை சொம்பைப் பார்த்தான். மாசாணத்தைப் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். "என்ற ஊட்லயா? இவனா? என்ற ஊட்டுக்குள்ள ஒரு பய கால் வெக்க முடியாதுங்க மேடம். எனக்கும் இந்தச் சொம்புக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"அண்ணா, நல்லாப் பாருங்கண்ணா," என்று மாசாணம் கெஞ்சினான். "பூஜை ரூம்புலதானுங்க இருந்துச்சு."

"என்ற ஊட்ல பூஜை ரூம்பே இல்லியேடா!"

"அப்ப சமையக்கட்டுங்களா? இருட்டுல தெரியலீங்கண்ணா. சித்த ரோசனை பண்ணிச் சொல்லுங்க."

சென்னிமலை எழுந்தால் மாசாணம் கெஞ்சி உட்கார வைத்தான். மறுத்தால் இன்னொரு அறையைச் சொன்னான். மாடி, ஸ்டோர் ரூம், மாட்டுக் கொட்டாய் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஏட்டு இரண்டாவது தடவையாக எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டார்.

பொறுத்துப் பார்த்த யுவஸ்ரீ சொம்பைக் கையிலெடுத்துத் திருப்பினார். அடியில் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது.

"பொற்கொடின்னு போட்டிருக்கு. யாருடா அது?"

மாசாணம் தலையைச் சொறிந்தான். "என்ற சம்சாரமுங்க."

ஸ்டேஷனே அதிர்ந்தது. தடியன்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சொந்த வீட்டுச் சொம்பைத் திருடிவிட்டுச் சரணடைய வந்த திருடனை யாரும் கண்டதில்லை.

"கெணத்துல தொங்குனதுல மூளை கலங்கிப்போச்சுங்க மேடம்," என்று எழுந்தான் சென்னிமலை. போகிற போக்கில் மாசாணத்தின் தோளில் கைபோட்டு, சிரித்த முகத்தோடு காதில் சொன்னான்: "அடுத்த வாட்டி கயிறு கட்டாமத் தொங்க உடுவேனுங்க."

கார்கள் கிளம்பின. யுவஸ்ரீக்கு வந்த கோபத்தில் சொம்பைத் தூக்கி மஞ்சப்பைக்குள் போட்டார். "இன்னொரு தடவை இப்படி விளையாடினே, நெஜமாவே உள்ள போட்டுருவேன். ஓடு!"

மாசாணம் ஓடினான். பஸ் ஸ்டாப்பில் மூச்சு வாங்க நின்றபோது போன் அடித்தது. பொற்கொடிதான்.

"என்ன கண்ணு, ஆச்சா?"

"ஆச்சுங்க! நீங்க சொன்னாப்புல அத்தன தடியனுகளும் சென்னிமலை பின்னாலயே ஸ்டேஷனுக்குப் போயிட்டானுக. நீங்க பழக்கிவிட்டாப்புலயே அவன் ஊட்டு பீரோ, லாக்கரு எல்லாம் நிதானமாத் தொறந்து தொடச்சுப்போட்டேன். வண்டி பல்லடம் தாண்டிருச்சு. காவலுக்குக் கட்டியிருந்த நாய்க்கு ரெண்டு பிஸ்கட் போட்டது தப்பாப் போச்சுங்க, அதுவும் ஏறி உக்காந்துட்டு எறங்கவே மாட்டேங்குது!"