அறுந்த இடத்திலிருந்து

சென் ஜேம்ஸ் ரவுண் அப்பார்ட்மென்ட் ஜன்னலில் பனிமேல் பட்ட வெயில் கண்ணைக் கூசுகிறது. நாளைக்கு வங்கிக்காரருக்குக் காட்டவேண்டிய, கோப்புகளைப் பத்திரமாகப் பூட்டி அனுப்பும் தன் புதுச் சேர்வரை, போன் லைனில் ஓடும் வீட்டு மோடத்தில் சோதித்துக்கொண்டிருக்கிறாள் நிலாணி. இவ்வளவு நாளும் லைன் அறுந்தால் எல்லாம் முதலிலிருந்துதான். அதனால் மோடம் ஓடும்போது போனைத் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். திரையில் கோப்பு போன அளவைக் காட்டும் நீலக்கோடு பாதியைத் தாண்டும் நேரம் பார்த்து, குசினியில் மாமி மாக்கையோடு ரிசீவரை எடுத்துவிடுகிறார். இரைச்சல் காதில் அடிக்க விறைத்து நிற்கிறார். கோடும் நிற்கிறது. "ஐயோ பிள்ளை, மறந்துபோனன்." "வையுங்கோ மாமி." மோடம் தானாகவே டயல் செய்து கீச்சிடுகிறது. நிலாணி மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். நின்ற இடத்திலிருந்தே கோடு மெல்ல நகர்கிறது. அவள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்புகிறாள். "மாமி, இன்னொருக்காப் போனை எடுங்கோ பாப்பம்."