தடித்த தந்தி

மகளின் பிறந்தநாளுக்கு இன்னும் பதினோரு நாள். பண்ருட்டி பலாப்பழ வியாபாரி பாலகுமார் கடலூரில் ரேகாவிடம் கிட்டார் கற்க வந்திருந்தார்.

"அவளுக்கு வாசிச்சுக் காட்டணும் மேடம். சுலபமா ஒரு பாட்டு சொல்லிக் குடுங்க."

ரேகா மெல்லிய தந்திகளில் ஒரு தாலாட்டை வாசித்தாள். அவர் கிட்டாரின் மரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"வேற வாசிங்க."

அடுத்த பாட்டும் பிடிக்கவில்லை. அவள் கட்டைவிரலால் தடித்த தந்தியை மீட்டியதும் முகம் மலர்ந்தார்.

"இந்தக் கம்பி ஜாஸ்தியா வர்ற பாட்டு போதும்."

"தொட்டுப் பாத்து எடுக்க இதென்ன பலாப்பழமா சார்? உங்க பொண்ணுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?"

"தெரியாதுங்க."

"நல்ல அப்பா போங்க!"

பாலகுமார் கையை எடுக்கவில்லை.

"அவ இதுமேல கன்னத்தை வெச்சுப்பா மேடம். அவளுக்குக் காது கேக்காது."