மூன்று முறை வந்த பதில்

"யாருன்னு மட்டும் தெரியட்டும், அப்புறம் இருக்கு அவனுக்கு," என்று அப்பா நான்காவது தடவையாகச் சொன்னார். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார். அடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். பதினாறு வயது. புற்றுநோய். நான்கு சுற்று மருந்து ஏறிவிட்டது, இன்னும் இரண்டு பாக்கி. நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தடுமாறியபோது, "மெதுவா பாருங்கக்கா, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்" என்று சிரித்த பெண் அவள். முடி கொட்டியதற்கும் அழவில்லை. டாக்டர் சரி என்றதும், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடமும் போய் வந்தாள்.

அங்கேதான் எவனோ ஒருவன், அல்லது ஒருத்தி, துணி நழுவிய நேரம் பார்த்துப் படம் பிடித்து, அதன் கீழே வாய்க்கு வந்ததை எழுதி, இணையத்தில் பெயரில்லாத ஒரு கணக்கில் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடமே பார்த்துச் சிரித்ததாம். ஊசிக்கு அழாதவள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா மடியில் விழுந்து அழுது தீர்த்தாள்.

நாளைக்கு ஐந்தாவது சுற்று. வர மாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். கொஞ்சம் முளைத்திருக்கும் முடியும் போய்விடுமாம், மறுபடி எல்லாரும் சிரிப்பார்களாம். இந்த நேரத்தில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

யார் செய்திருப்பார்கள்? விடிந்ததிலிருந்து இதே ஆராய்ச்சி. அப்பாவுக்குப் பக்கத்து பெஞ்சுப் பெண் மேல் சந்தேகம். அவள் ரொம்பத்தான் நல்லவளாக இருக்கிறாளாம். அப்புறம் டியூஷன் பையன் மேல். அந்த வயசில் அவனுக்கு எதற்கு இரண்டு போன்? அம்மாவின் சந்தேகமோ பெரியப்பா மகன் மேல். அதே பள்ளிக்கூடம், பெரிய வகுப்பு, எந்நேரமும் கையில் போன், உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. ஆனால் புருஷன் வீட்டு ஆளைக் கை நீட்டிக் காட்டுவதற்கு நேரம் காலம் பார்க்க வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. அந்தப் படத்தை மகள் இதுவரை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. கேட்டாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். இப்போது என்ன தோன்றியதோ, நேராக வந்து அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "புகார் குடுத்தியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"அந்த ஆப் கம்பெனிக்கு மூணு தடவை குடுத்தேன். மூணு தடவையும் ஒரே பதில். 'பார்த்தோம், இதில் தப்பில்லை'ன்னு." மகள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "போட்டது யாரோ சின்னப் பசங்க. அவங்களை விடுங்கப்பா. அங்க உக்காந்து பாக்கறவர் பெரியவர்தானே? அவரே தப்பில்லன்னா, பாத்தா சிரிக்கற மாதிரிதான் நான் இருக்கேன் போல. அந்த ஆள் ஒரே ஒரு தடவை 'தப்பு'ன்னு சொல்லட்டும். நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அம்மா புருஷனையே பார்த்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. எழுந்து பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவருக்கு என்னவோ தெரிந்துவிட்டது. அவள் விடுவாளா, பின்னாலேயே போய் யார் என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். இனி யாரையும் விசாரிக்க வேண்டாமாம், அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டுமாம். அரை மணி நேரத்துக்கு முன்னால் ஊரையே உதைக்கக் கிளம்பிய மனிதர்.

அம்மாவுக்கு உறுதியாகிவிட்டது. அவருடைய அண்ணன் மகன்தான். அதுதான் மனிதர் பம்முகிறார். மறைப்பது இவருக்கு ஒன்றும் புதிதில்லை. இந்த வேலையில் சேர்ந்து ஒன்றரை வருஷமாகிறது, அங்கே என்ன செய்கிறார் என்று பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. கேட்டால், கம்ப்யூட்டர் வேலை, வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பார். மாசக்கணக்கில் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"உங்க அண்ணன் பையன்னு தெரிஞ்சதும் வாய் அடைச்சுப் போச்சா? பெத்த பொண்ணு உயிரைவிட அவன் உங்களுக்குப் பெருசாப் போயிட்டானா?"

அவர் அவளைத் தாண்டிக்கொண்டு நேரே மகளின் அறைக்குப் போனார். கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். ஏதாவது சமாதானம் சொல்லி மழுப்பப் போகிறார் என்று நினைத்து, அம்மா வாசலிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"போட்டது யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா," என்றார். "எங்க ஆபீஸ்ல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இந்த மாதிரி எண்ணூறு புகார்ப் படம் வரும். ஒண்ணுக்கு இருபது செகண்டு. முகத்தை மறைச்சுத்தான் காட்டுவாங்க. அதே புகார் மறுபடி வந்தா, முதல்ல பாத்தவங்களுக்கே அனுப்பிடுவாங்க."

மகள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"அது தப்பும்மா. தப்பில்லன்னு மூணு தடவையும் பட்டனை அமுக்கினது நான்தான்."