வானம் பார்த்த வீடு

தட்டில் கை வைக்காமல் ஜன்னல் வழியே மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

"சாப்பிடுங்க. நீங்க முறைச்சா மேகம் பயந்துபோய்ப் பெஞ்சிடுமா?" என்றாள் மனைவி.

"கதிர் பிடிக்கிற நேரம்டி. இந்த வாரம் தண்ணி இல்லேன்னா மொத்தப் பயிரும் பதர்தான்."

மகள் வந்து நின்றாள். "அப்பா, காலேஜ்ல நாளைக்குள்ள பதில் கேக்கறாங்க."

"மழை வரட்டும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். போன வருஷமும் இதையேதான் சொல்லியிருந்தார்.

போன் அடித்தது. ஊர் வயலிலிருந்து மைத்துனன். "மாமா, நின்னு பெய்யுது! வாய்க்கால்ல தண்ணி ஓடுது!"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சேர்றேன்னு சொல்லிடும்மா!" என்று மகளிடம் கத்திவிட்டுப் பரண்மேல் ஏறினார்.

சத்தம் கேட்டு, மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள் எட்டிப் பார்த்தாள். "உங்களுக்கு எத்தனை ஏக்கர்க்கா?"

"ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது" என்றாள் மனைவி. "இவர் கல்யாண வீடுகள்ல பேண்டு வாசிக்கிறவர். விளைஞ்சாத்தானே ஊர்ல கல்யாணம் நடக்கும்?"

பரண்மேல், இரண்டு வருஷத் தூசியைத் துப்பிவிட்டு, ட்ரம்பெட் ஒரு முறை பிளிறியது.